ஓடைத் தெருக் குழாய்

அந்தக் குழாயை மூடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. திருகை வலப்பக்கம் திருப்பினால் மட்டும் தண்ணீர் நிற்காது. பாதி திருப்பி, கொஞ்சம் மேலே தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். ஓடைத் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். வெளியாள் யாராவது வந்தால் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, நனைந்த சட்டையோடு போய்விடுவார்கள். அந்தத் தெருக்காரர் அல்லாத ஒருவருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது என்றால் அது எங்கள் வக்கீலய்யாவுக்குத்தான். எழுபது வயதுக்கு மேல், ஒரு கையில் கைத்தடியோடு, இன்னொரு கையால் அவர் அந்தக் குழாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அவரை நினைத்தால் முதலில் கண்முன் வருகிறது. கறுப்புக் கோட்டும் பேரூராட்சித் தலைவர் நாற்காலியும் அதற்குப் பிறகுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் அவருடைய ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணமான வருஷம் சேர்ந்தவள், என் மகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன். அவரிடம் ஒரு பழக்கம். நிலத்தகராறு என்று யார் வந்தாலும், அந்த நிலத்தை நடந்து பார்க்காமல் பிராது எழுதமாட்டார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டமோ, பண்ணைப்புரத்தில் மானாவாரிக் காடோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு எல்லையையும் சுற்றி வருவார். வந்து உட்கார்ந்ததும், காலில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கியபடியே எல்லைகளைச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். மற்ற வக்கீல்கள் அவரை “சர்வேயர்” என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பேர்தான் அவரைத் தேர்தலிலும் ஜெயிக்க வைத்தது. எந்தக் கட்சியும் இல்லாமல் நின்று, ஒரே ஒரு தடவை பேரூராட்சித் தலைவராக இருந்தார். தலைவரான பிறகும் காலையில் கோர்ட், சாயங்காலம் பேரூராட்சி, இரண்டுக்கும் டைப் அடிக்க நான் ஒருத்தி. பேரூராட்சியில் டைப்பிஸ்ட் இடம் காலியாகவே கிடந்ததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருபத்திரண்டு வீடுகள். ஆண்களும் பெண்களும் எல்லை தாண்டிக் கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற சனம். விடியுமுன் ஜீப் வந்துவிடும். ஜீப் யாருக்காகவும் நிற்காது. தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் தென்னந்தோப்புப் பம்புசெட்டில் மோட்டார் போடும்வரை காத்திருக்க வேண்டும். மோட்டார் போடுவதும் ஜீப் வருவதும் ஒரே நேரம். தண்ணீரா கூலியா என்று தினமும் ஒரு வீட்டில் ஒருத்தி அழுவாள். அந்த ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற பெண்ணை ஊரே ஜீப்பக்கா என்றுதான் கூப்பிடும். அவள்தான் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

அவர் வழக்கம்போலப் போய் நடந்து பார்த்தார். வரைபடத்தை விரித்து, ஓடையின் எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, தெரு முழுவதும் சுற்றினார். குழாய் போடுவதற்கான தீர்மானத்தை நான்தான் அடித்தேன். பேரூராட்சி எழுத்தர் எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், ‘கிழக்குத் தெரு விரிவாக்கம்’ என்று போட்டுவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று. நானும் அப்படியே அடித்துக் கொடுத்தேன். வக்கீலய்யா ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்து, அந்த இடத்தில் நிறுத்தினார். பேனாவால் அடித்துவிட்டு, ‘ஓடைப் புறம்போக்கில் வசிக்கும் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு’ என்று எழுதினார். எதற்கய்யா வம்பு என்று கேட்டேன்.

“இருக்கிறத எழுதும்மா. பொய் சொல்லித் தண்ணி வாங்குனாகன்னு நாளைக்கு ஒருத்தன் இந்தச் சனத்தப் பாத்துக் கை நீட்டக் கூடாது.”

நான் மறுபடி அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அது நீளமான கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் காகிதத்தின் ஓரம்வரை போகும். குழாயில் தண்ணீர் வந்த அன்று ஜீப்பக்கா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அவரைக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு கையையும் குவித்துக் குடித்தார், வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுவதும் நனைந்துபோனது. பிறகு மூடத் தெரியாமல் விழித்தார். காலையிலிருந்தே அதோடு மல்லுக்கட்டிப் பழகியிருந்த ஜீப்பக்காதான் அவர் கையைப் பிடிக்காத குறையாக அந்தத் தூக்கித் திருப்புகிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். சனம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் போயிற்று. அவருக்குத் தலை முழுக்க நரைத்து, கோர்ட்டுக்குப் போவதே குறைந்துவிட்ட காலத்தில், நீர்நிலைகளில் இருக்கிற வீடுகளை எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஓடைத் தெருவில் ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார்கள். நோட்டீசைக் கிழியாமல் பிய்த்து எடுத்துக்கொண்டு ஜீப்பக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வீடு போனால் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அவர் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டார். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பு, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் அடுக்கினோம். அது ஊர் நத்தம், குடியிருப்பு நிலம்தான் என்று வாதம். பிராதை அடித்தபோது என் விரல் ஒரு இடத்தில் நின்றது. ஓடைப் புறம்போக்கு என்று அவரே எழுதிய குழாய்த் தீர்மானத்தை நினைவுபடுத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் அது மறக்கவில்லை. அவர் நிலத்தை நடந்து பார்த்து, அறிந்து எழுதியதற்கு நேர் எதிராகப் பிராது எழுதியது என் நினைவில் அது ஒன்றுதான்.

அரசாங்க வக்கீலிடம் அந்தத் தீர்மானத்தின் நகல் இருக்கிறது என்று விசாரணைக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஜீப்பக்கா வந்தாள். மலையிலிருந்து இறங்கின உடையோடு, விரல்களில் ஏலக்காய்க் கறையோடு வாசல்படியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நாளைக்கு அந்தக் காயிதத்தக் காட்டிக் கேட்டாகன்னா, ஒங்க கையெழுத்து இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கய்யா. எங்களுக்காக ஒரே ஒரு வார்த்த.”

அவர் மேசையில் இருந்த காகிதங்களை நேராக்கினார். பிறகு மறுபடியும் நேராக்கினார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் கோர்ட்டில் நானும் இருந்தேன். அரசாங்க வக்கீல் சின்ன வயது, மரியாதையான பிள்ளை. அந்தக் காகிதத்தைக் காட்டும்போது அவனுக்கே சங்கடமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. நீதிபதி வாங்கிப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக எங்கள் வக்கீலய்யாவைப் பார்த்து, இது நீங்கள் போட்ட கையெழுத்துதானா என்று கேட்டார். பின்வரிசையில் ஓடைத் தெருச் சனம் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பி அவர்களைப் பார்க்கவில்லை. “என்னோடதுதான்” என்றார். அவ்வளவுதான், பிறகு குடியிருப்பு உரிமை, மாற்று இடம் என்று வெகுநேரம் பேசினார். இதற்கு முன் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. தடையுத்தரவு கிடைக்கவில்லை, காலி செய்யக் கொஞ்சம் அவகாசம்தான் கிடைத்தது.

வழி நெடுக நான் அவரோடு பேசவில்லை. ஆபீசுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும் அவரே சொன்னார், நான் இல்லை என்று சொன்னாலும் சர்வே நம்பர் ஆமென்று சொல்லுமே அம்மா என்று. உண்மைதான். அந்தத் தீர்மானம் இல்லாவிட்டாலும், அது ஓடை என்று சொல்ல வரைபடம் இருந்தது. ஆனால் நானாக இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். தோற்கிறதாக இருந்தாலும் அந்தச் சனத்தின் பக்கம் நின்று தோற்றிருப்பேன். அவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் கழற்றிய கோட்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். சொன்னதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். சொன்னது தப்பு என்று இன்றும் தோன்றவில்லை.

புல்டோசர் வந்த அன்று அவர் போய் நின்றார். தடுக்க அவர் கையில் எந்தக் காகிதமும் இல்லை. சட்டி பானைகளை எடுக்க நேரம் கொடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கெஞ்சிக்கொண்டு கூடவே நடந்தார். மத்தியானத்துக்குள் தெரு முடிந்தது. குழாயின் பக்கம் வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டான். அது பேரூராட்சிச் சொத்து, அதை எடுக்கத் தனியாகத் தீர்மானம் வேண்டுமாம். மண்மேட்டுக்கு நடுவே குழாய் மட்டும் நின்றது.

சனத்துக்கு மலையடிவாரத்தில் இடம் ஒதுக்கினார்கள். ரோடும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜீப் அங்கே போகாது. அதற்காக அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் ஏறித் தேனிக்குப் போனார், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு. முன்னாள் தலைவர், வக்கீல் என்று சொல்லி முன்னால் போகமாட்டார். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரோடும் வரிசையில் நிற்பார். நான் அடித்த மனுக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வரும். அவர் அதைத் துளை போட்டுக் கோப்பில் கோர்த்துவிட்டு, அடுத்த திங்களுக்கு இன்னொன்று சொல்லுவார்.

மற்ற நாட்களில் விடிந்ததும் ஓடைப் பக்கம் நடப்பார். குழாயில் தண்ணீர் வரும், பிடிக்க ஆள் இருக்காது. ஆடு மேய்க்கிறவர்கள் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் போயிருப்பார்கள். அவர் போய் மூடுவார். ஒருநாள் அந்த வழியாக வந்தபோது பார்த்தேன். மூடிய பிறகும் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடத் தோன்றவில்லை, திரும்பிவிட்டேன்.

அவர் இறந்தபோது ஊரே வந்தது. கோர்ட்டுக்கு அரை நாள் விடுமுறை விட்டார்கள். ஓடைத் தெருச் சனம் வரவில்லை. மாலைகளுக்கு நடுவே நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் அல்லிநகரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சாவுக்கு ஊருக்குப் போய்விட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடை வழியாக நடந்தேன். குழாய் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஜீப் ஒன்று என்ஜினை அணைக்காமல் நின்றது. ஜீப்பக்கா இறங்கி ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. மலையடிவாரத்தில் இன்னும் தண்ணீர் வரவில்லை, இப்போது ரோடுவரை நடந்துவந்து ஜீப் ஏறுகிறார்கள், போகிற வழியில் இங்கே இறங்கிப் பிடிப்பதாகச் சொன்னாள். பேச்சு அவரிடம் வந்தது.

“கடைசி வரைக்கும் வந்து இந்தக் கொழாய மூடுனாகளாமே, டைப்பம்மா?”

ஆமென்றேன். கேன் நிரம்பியது. அவள் திருகைப் பாதி திருப்பி, கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

“அன்னைக்கு இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாகன்னா, இங்கன இருந்து நானே மூடியிருப்பேன்ல.”

சர்வே நம்பரைப் பற்றிச் சொல்லலாம், சொல்லி என்ன ஆகப் போகிறது. அவள் மீதியைத் திருப்பினாள், தண்ணீர் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஓடிப்போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.