குமுதா தங்கும் அறைகள்

இப்போதெல்லாம் எந்த ஊர் ஹோட்டலானாலும் அறைக்குள் போனதும் குமுதா முதலில் கதவின் கைப்பிடியைத்தான் பார்க்கிறார். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அட்டை அங்கே தொங்கினால் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறார். பெட்டியைத் திறப்பது, முகம் கழுவுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். "யாரு வேணும்னாலும் வந்து தட்டட்டும்லா. எனக்கு என்ன தொந்தரவு?" என்பார்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில், பள்ளி ஆசிரியையான எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், வேகநடை. பள்ளியை முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இன்று அதே கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போய், புது இயந்திரங்களை ஓட்டும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பாத்தாம், தாய்லாந்து, வியட்நாம் என்று மாதத்தில் பாதி வெளியில்தான். கணவர் புவனேஸ்வரன் லாரி ஓட்டுகிறார். "நான் ரோட்டுல, அவ ஆகாசத்துல. சந்திக்கிறது சமையக்கட்டுல" என்று சிரிப்பார் அவர்.

பெட்டியில் நெத்திலி சம்பல் ஒரு பாட்டில், பூ அச்சடித்த பழைய பாத்தேக் கைலி ஒன்று கட்டாயம் இருக்கும். எவ்வளவு வெள்ளையான போர்வை போட்டிருந்தாலும் அந்தக் கைலியைப் போர்த்தினால்தான் தூக்கம் வரும். திரும்பும்போது ஹோட்டல் சோப்புகளைக் கொண்டுவந்து எங்கள் மாடி முழுக்கப் பங்கு வைப்பார். எங்கள் வீட்டுக் குளியலறையில் எப்போதும் மூன்று நாட்டு வாசனை. ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் யாராவது கதவைத் தட்டினால், தூக்கக் கலக்கத்தில் "ரூம் அப்புறம் கூட்டிக்கலாம்" என்று குரல் கொடுப்பாராம். புவனேஸ்வரன் சொன்னது.

முதன்முதலில் தங்கிய ஹோட்டல் பாத்தாமில், அந்த இந்தோனேசியத் தீவில். கதவைத் திறக்கும் அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும் என்பது அவருக்குத் தெரியாது. சாயங்கால வெளிச்சம் போவதற்குள் அவசரமாகக் குளித்து, பிஸ்கட்டைத் தின்று, புழுக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறார்.

"கீழ போய்ச் சொல்ல வெக்கமா இருந்துச்சி அக்கா. டிரெய்னிங் குடுக்க வந்த ஆளுக்கு லைட்டு போடத் தெரியலன்னு பேசுவாங்கல்ல?"

மறுநாள் காலை அறையைத் துப்புரவு செய்ய வந்த சுலைஹா என்ற பெண்மணி, குமுதாவின் கையிலிருந்த அட்டையை வாங்கிச் சுவரில் செருகினார். விளக்கு, டிவி, ஏர்கோன் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து பாத்தாம் என்றால் குமுதாவுக்கு அந்த ஹோட்டல்தான். சுலைஹா வீட்டிலிருந்து வாழைப்பழம் பொரித்து எடுத்து வருவார். குமுதா பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணி எடுத்துப் போவார். இருவருக்கும் மலாய் பொதுவாக இருந்ததால் பேச்சுக்குக் குறைவில்லை.

போன வருடம் அங்கே போயிருந்தபோது குமுதாவுக்கு வயிற்றுவலி. காற்றாக இருக்கும் என்று நினைத்து, வேலைக்கு வரவில்லை என்று தகவல் சொல்லிவிட்டு, தொந்தரவு வேண்டாம் என்ற அட்டையைக் கதவுக்கு வெளியே மாட்டிப் படுத்துக்கொண்டார். அட்டை தொங்கும் அறையைப் பணியாளர்கள் தட்டவே கூடாது என்பது ஹோட்டல் சட்டம். சுலைஹா தள்ளுவண்டியோடு அந்த வழியாகப் போனார், வந்தார். உள்ளே சத்தமே இல்லை. குமுதா அறையில் இருந்தால் கைப்பேசியில் தமிழ்ப்பாட்டு அலறிக்கொண்டிருக்கும். சுலைஹா தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. தன்னிடமிருந்த பொதுச்சாவியால் கதவைத் திறந்துவிட்டார்.

குமுதா குளியலறைத் தரையில் கிடந்தார். குடல்வால் வெடித்திருந்தது.

ஹோட்டல் வேனில் மருத்துவமனை போகிற வழியெல்லாம் சுலைஹா சீருடையோடு அவர் தலையை மடியில் வைத்திருந்தார். "கண்ண மூடாத, மூடாதன்னு கன்னத்துல தட்டிக்கிட்டே வந்தாங்க அக்கா. வலிக்கிற மாதிரியே தட்டுனாங்க. அந்த அடிதான் என்னைப் புடிச்சி வச்சிருந்துச்சி."

இங்கே புவனேஸ்வரனின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பித்துக் கிளம்பும்வரை, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய் மனைவியின் காதருகே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சுலைஹாதான். அந்த நாட்களில் புவனேஸ்வரன் என் வீட்டு வாசலில் நின்று, "எனக்கு மொகமே தெரியாத மனுசி டீச்சர். என் வேலைய அவங்க செய்றாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுலைஹாவுக்குக் கிடைத்ததோ எச்சரிக்கை. விதியை மீறிக் கதவைத் திறந்தார், சொல்லாமல் வேலையை விட்டுப் போனார் என்று. அவர் அதைச் சொல்லவில்லை. கூட வேலை செய்த ஒருத்தி சொல்லித்தான் குமுதாவுக்குத் தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து விட்டதும், தையல்கூடப் பிரிக்காமல், கணவரின் தோளைப் பிடித்தபடி நேராக மேலாளரின் அறைக்குப் போய்விட்டார்.

"சத்தம் போடலக்கா. சத்தம் போட்டா வயிறு வலிக்கும். 'அவங்க உங்க ரூல்ஸ கேட்டிருந்தா நீங்க என்னைப் பொட்டியிலதான் பினாங்குக்கு அனுப்பியிருப்பீங்க'ன்னு மட்டும் சொன்னேன். அந்த மனுசன் எழுந்திரிச்சி எனக்கு நாற்காலி போட்டாரு."

எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் சுலைஹா பினாங்குக்கு வந்தார். வீட்டில் தங்க வைக்காமல் ஜார்ஜ் டவுனில் கடல் தெரிகிற ஒரு ஹோட்டலில் குமுதா அறை எடுத்தபோது எனக்கு ஆச்சரியம். கேட்டேன்.

"வீட்டுக்குக் கூட்டியாந்தா மங்கு பாத்திரம் கழுவ நின்னுருவாங்க. எத்தன வருசமா ஹோட்டல்ல வேல செய்றாங்க, ஒரு நாளாச்சும் அதுல படுத்திருக்காங்களா?"

மறுநாள் காலை பசியாறக் கூப்பிடப் போனபோது நானும் கூடப் போனேன். மெலிந்த, வெட்கச் சிரிப்புள்ள பெண்மணி கதவைத் திறந்தார். முக்காடு போட்டு, புறப்படத் தயாராக இருந்தார். உள்ளே குப்பைக்கூடை காலி. துவாலைகள் மடித்தபடி. கட்டிலில் ஒரு சுருக்கமில்லை. யாரும் படுத்த தடமே இல்லை.

"ராத்திரி தூங்கினீங்களா இல்லையா?" என்று குமுதா மலாயில் கேட்டார்.

"நல்லாத் தூங்கினேன். இந்த அறையைக் கூட்டுகிறவளுக்கு முதுகு வலிக்குமே என்றுதான் எல்லாவற்றையும் நானே சரிசெய்து..." சுலைஹா தலையைக் குனிந்துகொண்டார்.

குமுதா கைப்பையை என்னிடம் கொடுத்தார். கட்டிலருகே போய், மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்த போர்வையை இரண்டு கைகளாலும் உருவி, ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுலைஹா வந்து படுக்கும்வரை அப்படியே நின்றார்.