நெட்டையனைத் தடுக்கும் வேலை

திண்டிவனத்தில் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் அதிகம் பந்து போட்டவன் நான். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை கிடைத்ததும் அதனால்தான். அது யுத்த காலம். ரயில்வே ஆட்கள் சொந்தமாக ஒரு குழு வைத்திருந்தார்கள். எனக்குச் சம்பளம் பார்சலுக்கு, ஆனால் என்னை எடுத்தது பந்துக்கு என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

லோகோ ஷெட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் முதல் நாள் ஆடியபோதே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குழுவில் ஏற்கெனவே, லோகோ ஷெட்டில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் இருந்தார். இடது கைக்காரர். அவர் கையை விட்டுக் கிளம்பும் பந்து வளையத்தில் உரசாமல் உள்ளே இறங்கும். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் டிக்கெட் பரிசோதகர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பந்து போட நம்மகிட்ட ஆளு இருக்காரு. எதிர் டீம்ல எவன் நல்லா ஆடுறானோ, அவன ஆட வுடாம பண்றதுதான் உன் வேலை."

"அப்போ நான் பந்தே போடக் கூடாதுங்களா?"

"வழி கெடச்சா போடு. வழிய தேடிக்கினு போகாத."

அன்று ராத்திரி ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் அதை, குழுவில் இருந்த, எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஒருவனிடம் சொல்லிப் புலம்பினேன். அவனுக்கு என் வயதுதான். குட்டை, ஆனால் அகலமான தோள். பிட்டர் பந்து போடும்போது எதிராளி நெருங்காதபடி குறுக்கே போய் நிற்பது அவன் வேலை. இடி வாங்குவான், விழுவான், எழுந்து ஓடுவான். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"உனக்கு இது கஷ்டமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இன்னா கஷ்டம்? நான் நவுந்துட்டா அவரு பந்து போட முடியாது. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்ன்ற?"

 செய்தால் ஒழுங்காகச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கூட்ஸ் ஷெட்டில் அப்போது மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை மூட்டைகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் அந்தச் சந்துகளில் ஃபயர்மேன் ஓடுவான்; நான் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்து வழியடைப்பேன். கையால் தொடக் கூடாது, காலால் மட்டுமே மறிக்க வேண்டும். முதலில் மூட்டைகளில் முட்டி முட்டி முழங்கையெல்லாம் சிராய்ப்பு. ஒரு மாதம் போன பிறகு அவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது அவன் இடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்தக் கோடையில் திண்டிவனத்தில் ஒரு பந்தயம். எதிரே, புதுச்சேரி ஆலை ஒன்றின் குழு. அதில் ஒரு நெட்டையன். கையைத் தூக்கினால் வளையத்துக்குப் பக்கத்தில் போய்விடும். என் ஊர் என்பதால் தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். களத்து வேலையை விட்டுவிட்டு அப்பாவும் வந்திருந்தார். நான் பந்து போடுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்தார்கள்.

நான் பந்தின் பக்கமே போகவில்லை. நெட்டையன் போன இடமெல்லாம் போனேன். பந்து அவனுக்கு வரும் வழியில் நின்றேன். பந்து அவன் கைக்கு வந்தால் முகத்துக்கு நேரே என் கை இருந்தது. எரிச்சலில் அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான், நடுவர் ஊதினார்.

"இன்னாடா, ஒன்னுகூட போடல! விழுப்புரம் போயி மறந்துட்டியா?" என்று என் தெருக்காரர் ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.  ஆனாலும் நெட்டையனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது, இரண்டு பக்கமும் சமம். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து என் கையில் வந்து விழுந்தது. எதிரே யாருமில்லை. "போடு, போடு" என்று ஊரே எழுந்து நின்றது. நானும் கையை உயர்த்திவிட்டேன். அதற்குள் நெட்டையன் பாய்ந்து வந்தான், அவன் கூட்டாளியும் பிட்டரை விட்டுவிட்டு என் பக்கம் ஓடி வந்தான். அந்தக் கூட்டாளியின் குறுக்கே ஃபயர்மேன் போய் விழுந்த சத்தம் கேட்டது. பிட்டர் தனியாக நின்றார். பந்தை அவரிடம் தள்ளினேன். அவர் போட்டார்.

மிச்சமிருந்த நேரத்தில் நெட்டையன் ஒரே ஒரு முறை பந்து போட எம்பினான். நானும் எம்பினேன், அவனைத் தொடாமல். பந்து இரும்பில் பட்டு வெளியே போயிற்று. ஜெயித்துவிட்டோம்.

பிட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபயர்மேன் தரையில் உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் அப்பாவைத் தேடிப் போனேன்.

"ஏன்டா நீ போடல?"

"அது என் வேலை இல்ல நைனா."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். "அந்த நெட்டையன் உன்னத்தான் திட்டிக்கினே போறான். வேற யாரையும் திட்டல. அப்போ நீதான் அவன ஏதோ பண்ணியிருக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு பிட்டருக்கு மாற்றல் வந்தது. "இனிமே நீ பந்து போடு" என்றார் கேப்டன். புதிதாக வந்திருந்த கிளார்க் ஒருவன் என்னைவிட நன்றாகப் போடுவான் என்று எனக்குத் தெரியும்.

"அவன் போடட்டுங்க. நான் இதையே பாத்துக்கறேன்" என்றேன்.

"சரி" என்றார் கேப்டன்.