நோன்பு மாதத்துக் கடிதம்

தஞ்சாவூரில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, முதலாண்டு மாணவி ஒருத்தியை என் பொறுப்பில் விட்டார்கள். இரண்டு பேரும் முஸ்லிம், ஒத்துப்போகும் என்று எங்கள் டியூட்டர் மேடமே முடிவு கட்டிவிட்டார். நான் நாகூர், அவள் நீடாமங்கலம். வார்டில் என்னை அக்கா என்பாள். விடுதி அறைக்குள் வந்தால்தான் எங்கள் வீட்டுப் பேச்சில் லாத்தா.

நோன்பு மாதம் பிறந்தால் எங்களிடம் மட்டும் ஒரு கடிதம் வாங்குவார்கள். நோன்பு வைத்து மயங்கி விழுந்தால் நானே பொறுப்பு, வார்டிலிருந்து நீக்கினாலும் ஆட்சேபணை இல்லை என்று. வெள்ளிக்கிழமை, சஷ்டி என்று விரதம் இருக்கிறவர்களிடம் யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்டதில்லை. நான் மூன்று வருஷமும் வாயைத் திறக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

அவள் மாட்டேன் என்றாள். உடனே அவளை வார்டிலிருந்து எடுத்து, பின்னறையில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிக்க உட்கார வைத்தார் மேடம். அந்த வேலை வார்டு நேரத்தில் சேராது. நேரம் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. நான் பெரிய வழிகாட்டி அல்லவா, எழுதிக் கொடுத்துவிட்டுப் படிப்பைப் பார் என்று தினமும் நச்சரித்தேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் காலை வார்டில் என் வகுப்புப் பெண் ஒருத்தி தடாலென்று விழுந்தாள். மாணவி மயங்கிவிட்டாள் என்று கேட்டதுதான் தாமதம், மேடம் குளுக்கோஸோடு நேரே பின்னறைக்கு ஓடினார். விழுந்தது யாரென்று சொல்ல நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே அவள் கையில் துணியோடு நன்றாக நின்றுகொண்டிருந்தாள். "சொன்னா கேட்டியா?" என்று அவளைத்தான் திட்டினார்.

விழுந்தவளுக்கு சஷ்டி விரதம். பாவம் என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

சின்னவள் வார்டுக்குள் வந்து, "இவங்ககிட்டயும் லெட்டர் வாங்குவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

மேடம் என் பக்கம் திரும்பி, உன் ஜூனியருக்கு மரியாதை சொல்லிக் கொடு என்றார்.

அவளும் திரும்பினாள். எல்லார் முன்னாலும், "லாத்தா, நீங்க எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?" என்றாள்.

வெட்கமாக இருந்தது. "என் லெட்டரைத் திருப்பிக் குடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவளை வார்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பென்று ஒரு வார்த்தை வரவில்லை. என் கடிதத்தையும் தரவில்லை. மூன்று வருஷத்துக் கடிதங்களும் இன்னும் அந்த அலுவலக ஃபைலில்தான் கிடக்கும், என் கையெழுத்தோடு.