எட்டாத கிளட்ச்

கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைத் தட்டுவார்கள். நான் பார்த்தது என் மீசையை. பொள்ளாச்சியில் நின்றிருந்த அந்தப் பழைய காரில் ஏறி உட்கார்ந்தேன், கண்ணாடியில் மீசை எடுப்பாகத் தெரிந்தது, விலை பேசிவிட்டேன். விற்றவரே அதை ஓட்டிவந்து கொழிஞ்சாம்பாறையில் எங்கள் களத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போன பிறகுதான், என் கால் கிளட்சுக்கு எட்டாது என்று தெரிந்தது.

ஓட்டத் தெரியாதவனல்ல. நான் பழகிய ஜீப்பில் முதுகுக்குப் பின்னால் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். எல்லா வண்டிக்கும் உள்ள ஏற்பாடு அது என்று நம்பியிருந்தேன்.

இந்தக் காரில் சாக்கு மட்டும் போதவில்லை. சீட்டை முன்னால் தள்ளலாமே என்பீர்கள். அந்தக் காரில் முன்சீட்டு ஒரே நீளச் சீட்டு. நகர்ந்தால் முழுதாக நகரும். என் மனைவியோ என்னைவிட ஒரு சாண் உயரம். எனக்குக் கால் எட்டியபோது அவள் முழங்கால் டாஷ்போர்டில் முட்டியது.

"பின்னால உக்காந்துக்கயேன்" என்றேன்.

"ஏனுங்க, மூணாத்துல தங்கச்சி ஊட்டு முன்னால போயி மூட்டையாட்டம் எறங்கோணுமா? முன்னாலதான் உக்காருவேன். இல்லீன்னா டிரைவர் வெச்சுக்கங்க."

அவள் தங்கை மகனுக்குக் காதுகுத்து. நானே ஓட்டிக்கொண்டு மலையேறி வருவதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. டிரைவரோடு போய் இறங்கினால் அந்த மீசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் பெடலிடம் போக முடியாவிட்டால் பெடல் என்னிடம் வரட்டும். மாட்டுவண்டி செய்யும் ஆசாரியை அழைத்தேன். அவர் என் காலையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாட்டுக்கு அளவெடுத்திருக்கறனுங்க. மொதலாளிக்கு எடுக்கறது இப்பத்தானுங்க."

கருவேலங்கட்டையை அறுத்து, டயர் ரப்பர் வைத்து, மூன்று பெடலிலும் பட்டை போட்டு இறுக்கினார். முதுகுக்கு மனைவி இலவம்பஞ்சுத் திண்டு தைத்தாள். மிதித்தேன், கிளட்ச் சொன்ன பேச்சு கேட்டது. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோழிகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

ஒன்றை மறந்திருந்தேன். சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டியில் யாரும் செருப்போடு ஏறமாட்டோம். அளவெடுத்ததும் ஓட்டிப் பார்த்ததும் வெறுங்காலில். புறப்பட்ட அன்றோ, மூணாற்றுக் குளிருக்குப் பயந்து, பக்தியை ஒதுக்கிவிட்டுப் புது பூட்ஸை மாட்டியிருந்தேன். தடித்த அடிப்பாகம் கட்டைமேல் இன்னொரு கட்டையாகி, என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"டிரைவருக்குச் சொல்லி உடட்டுங்களா?" என்றாள் மனைவி, மிக மரியாதையாக.

பூட்ஸைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். சீர்த்தட்டைப் போல அதைப் பிடித்துக்கொண்டாள்.

உடுமலை தாண்டி, மறையூர் ஏறினோம். கால்விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே குளிரை அறிவித்தன. ஆனாலும் வளைவுக்கு வளைவு கிளட்ச் பதமாக இறங்க இறங்க, எனக்கு உயரம் கூடுவது போலிருந்தது. மலையும் ஏறிக்கொண்டிருந்ததால் அது பொய்யுமல்ல. மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் கையசைத்தாள். பாடவும் செய்தாள். கல்யாணமான நாளாய் அவள் பாடி நான் கேட்டதில்லை.

மூணாற்றில் கொழுந்தியாள் வீட்டு முன்னால் நிறுத்தியதும், தேயிலை பாக்டரியில் வேலை பார்க்கும் சகலை ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, இந்த ரோட்டுல ஜீப்பே மூச்சு வாங்கும். நீங்க காரைல்லா ஏத்திட்டு வந்திருக்கீய!"

போதாதா? வெறுங்காலோடு நின்று, கட்டை, பட்டை, திண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கொழுந்தியாள் குனிந்து பெடலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு தன் அக்காளின் காலை.

"ஏனுங் மாமா, அக்காளுக்குக் காலு நல்லா எட்டுமுங்களே. அவளையே ஓட்டப் பழகச் சொல்லியிருந்தா இத்தன வேலையும் வேண்டியிருக்காதுங்களே?"