மரக்காணத்தில் பரிமாறியவர்

கடலைப் பார்த்திராத அப்பாவை, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கடல் காட்டக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மலையை விட்டு அதிகம் இறங்காதவர். கடலைப் பார்த்து, "தண்ணி நெறைய கீது" என்றார், அவ்வளவுதான். வழியெல்லாம் நான் பேச, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மதியம் மரக்காணம் பக்கம் ஒரு ஓட்டலில் மீன் சாப்பாடு சொன்னேன். அப்பா இலையைத் தொடவில்லை. "சாப்புடுங்கப்பா. வேற இன்னா வேணும், சொல்லுங்க" என்று நாலைந்து முறை கேட்டதில் என் குரல் உயர்ந்துவிட்டது.

பரிமாறியவர் ஒல்லியான மனிதர். காதில் பென்சில் செருகியிருந்தார். யாரிடம் பேசினாலும் முதலில் மேசையை ஒருமுறை துடைப்பார். எங்கள் மேசையையும் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க மூஞ்சியவே பார்த்துக்கினு இருந்தா அவரு எப்டி சாப்புடுவாரு? கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க சார்."

கோபத்தோடுதான் வெளியே போனேன். கண்ணாடி வழியே பார்த்தால், பரிமாறியவர் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பா மீனைப் பிட்டுத் தின்றபடி, இடது கையை விரித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் சிரிப்பு வேறு.

திரும்பும்போது, "அவருகிட்ட இன்னா பேசினீங்க?" என்றேன்.

"சும்மாதான். இந்த வருஷம் கொல்லையில இன்னா போட்டிருக்கீங்கன்னு கேட்டாரு."

நிலத்தில் என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. அப்போதாவது கேட்டிருக்கலாம். அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலில் அதைக் கேட்காமலே காரை ஓட்டினேன்.