ஓரப் படகருகே கஸ்தூரி அக்கா

அந்தச் சனிக்கிழமை கஸ்தூரி அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். எனக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்திருக்கிறது, அங்கே பார்த்து வைத்திருக்கும் மாடி வீட்டில் நாய் கூடாதாம், என் நாய் மெட்ராஸை உங்களிடம் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்க நினைத்திருந்தேன். மாற்றல் உத்தரவு எட்டு நாட்களாக என் பையில் இருந்தது. கடற்கரையோரமாக மூன்று குப்பங்கள் நடந்து திரும்பினோம். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வங்கியில் இருந்தபோது தபால் நிலைய ஊழியர் ஒருவர் வந்தார். கவுன்ட்டரின் மறுபக்கம் நின்று, “கஸ்தூரிம்மா தவறிட்டாங்க மேடம்” என்றார். “காலைல வாசல் பெருக்கினு இருந்தாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.” மணி பத்தரை. மெட்ராஸ் இந்நேரம் அவருக்காக என் வீட்டு வாசலில் காத்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பழவேற்காட்டிலும் கடலோரக் குப்பங்களிலும் அவர் கையால் தபால் வாங்காத வீடு குறைவு. ஆகவே அவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடன் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குக் கடிதங்கள் வருவதில்லை, புத்தகப் பொட்டலங்கள்தான் வரும். “இன்னா மேடம், இம்மாம் படிக்கிறீங்க, யாரு பரீட்ச வெக்கப்போறா?” என்று கேட்டபடி கொடுப்பார். ஒருமுறை கனமான பொட்டலம் ஒன்றைத் திண்டாடித் தூக்கி வந்து, “இத்த எழுதுனவரு கொஞ்சம் கம்மியா எழுதியிருக்கலாம்” என்றார். படித்து முடித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு வருடங்களுக்கு முன் பொட்டலம் இல்லாத ஒரு நாளில் வங்கிக்கே வந்தார். கூடவே கயிற்றில் ஒரு பழுப்பு நிற நாய், கழுத்தில் விலை உயர்ந்த பட்டை.

“கார்ல வந்தாங்க, கடல்ல குளிச்சாங்க, இத்த எறக்கி வுட்டுட்டுப் பூட்டாங்க. மூணு நாளா டயர் தடத்துகிட்டயே குந்தினு கீது. எங்க குப்பத்து நாயிங்க இத்த சேக்காது. நீங்க தனியாத்தானே கீறீங்க, வெச்சுக்கிறீங்களா?”

எனக்கு நாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். “அதுக்கும் உங்களப் பத்தித் தெரியாது” என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “கடலு கொண்டாந்து போடுறத எடுத்துக்கலாம். மனுசன் கொண்டாந்து போட்டுட்டு, திரும்பிப் பாக்காம போறான் பாருங்க, அதான் தாங்க முடியல.”

நான் வங்கியில் இருக்கும் நேரத்தில் நாய் அவருடன் தபால் கொடுக்கப் போகும் என்று ஏற்பாடாயிற்று. எங்களுக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நானும் போவேன். மணல் காயத் தொடங்கியதும், “தண்ணி ஓரமா வாங்க, அதுக்குக் கால் சுடும்” என்று ஈர மணலுக்கு இழுப்பார். அவர் சுடுமணலில் நடப்பார். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துத்தான் நடப்போம்.

முதல் நடையிலேயே நான் ஒரு தவறு செய்தேன். பக்கத்துக் குப்பம் தொடங்கும் இடத்தில், மணலில் ஏற்றிவைத்த ஓரப் படகின் அருகே அக்கா நின்றுவிட்டார். செருப்பில் மணல் தட்டுகிறார் என்று நினைத்து நான் நாயுடன் முன்னே போனேன். எட்டு நாய்கள் வந்தன. என் நாய் திரும்பி ஓடி அக்காவின் தபால் பைக்குப் பின்னால் ஒளிந்தது. நான் நாய்க்குப் பின்னால் ஒளிந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து நாய்களை விரட்டினார்.

“எந்த ஊரு நாயி இது? கூப்டாம உள்ள வருது?”

“மெட்ராஸு நாயிண்ணே” என்றார் அக்கா. “அதுக்கு மரியாத தெரியும். மேடத்துக்குத்தான் தெரியாது.”

அன்றிலிருந்து அதன் பெயர் மெட்ராஸ். அந்தக் கரையின் வழக்கத்தையும் அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொரு குப்பத்துக் கரையும் அந்தக் குப்பத்து நாய்களுடையது. வெளி நாயுடன் வருபவர் ஓரப் படகருகே நிற்க வேண்டும். குப்பத்து ஆள் ஒருவர் அதைக் குரல் கொடுத்து அழைத்தால், உள்ளூர் நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். “நம்மளா போனா சண்ட. அவங்க கூப்ட்டுப் போனா விருந்தாளி” என்பார் அக்கா. சில மாதங்களில், நாங்கள் நிற்பதற்கு முன்பே மெட்ராஸ் ஓரப் படகருகே போய் உட்கார்ந்துவிடும். “மெட்ராஸு மெயில் வந்துடுச்சுடா, வழி வுடுங்க” என்று குப்பத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

கோட்டைக்குப்பத்தில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிப் பலமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லித் தவிர்த்தேன். மற்றவர் வீட்டுக்குள் நுழைவது எனக்கு எப்போதும் சிரமம். அவர் கோபித்ததில்லை. “உங்களுக்கு இன்னும் உரக்கக் கூப்புடணும் போல” என்றார் ஒருநாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். வெயில் என்று நினைத்தேன். என் கவனமெல்லாம் என் கேள்வியில் இருந்தது. எப்படிக் கேட்டாலும், காரில் வந்து இறக்கிவிட்டுப் போனவர்களின் குரலாகவே அது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன் என்பதுதான் வித்தியாசம்.

செவ்வாய் மதியம் மெட்ராஸுடன் கோட்டைக்குப்பம் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். நாய் வழக்கம்போல ஓரப் படகருகே உட்கார்ந்தது. நானும் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, பந்தலிலிருந்து அவருடைய கணவர் பார்த்துவிட்டார்.

“மெட்ராஸு, உள்ள வாடா” என்று கூப்பிட்டார். பிறகு, “மேடத்தையும் கூட்டினு வா.”

அந்த வீட்டுக்குள் நான் முதன்முறை போனது அப்படித்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் போனபோது அக்காவின் கணவரிடம் மாற்றலைப் பற்றிச் சொன்னேன். அவர் நாயைத் தடவிக்கொண்டே, “எங்கிட்டயே வுட்டுட்டுப் போம்மா. இப்பதான் எல்லா நாயும் சேத்துக்கிச்சே” என்றார். நான் கேட்கப் பயந்தது, கேட்காமலே கிடைத்தது.

“இல்லண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. கடலுக்குப் போகும் அவரால் பகலில் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதும் நான் மறுத்ததற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது பெரிய காரணமில்லை.

கஸ்தூரி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தக் கயிறும், ஓரப் படகருகே நின்று காத்திருக்கும் பழக்கமும். அவர் மூச்சு வாங்கியதைக் கண்டும் கேட்காமல் விட்டதும் இருக்கிறது. அதையும் வைத்துக்கொள்ள வேண்டியவள் நான்தான்.

அந்த மாதக் கடைசியில் நானும் மெட்ராஸும் தருமபுரிக்கு வந்தோம். மாடி வீட்டை விட்டுவிட்டு, ஊர் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று பார்த்துக்கொண்டேன். மாலை நடையில், ஒவ்வொரு தெரு முனையிலும் நிறுத்தியிருக்கும் முதல் வண்டியருகே மெட்ராஸ் உட்கார்ந்துவிடும். நானும் நிற்பேன். மூன்றாவது வாரத்தில் டீக்கடைக்காரர் அதன் பெயரைக் கேட்டார். மறுநாள் கூப்பிட்டார்.