அவசரப் படிவம்

அந்தத் தொலைபேசிக் கம்பெனியில் அவருக்குக் 'கையெழுத்து' என்றுதான் பெயர். யாருடைய போன் எங்கே இருக்கிறது என்று போலீஸ் கேட்டு அனுப்பும் கடிதங்களைப் பார்ப்பது அவர் வேலை. நீதிபதி கையெழுத்து இல்லையா, திருப்பிவிடுவார். எப்பேர்ப்பட்ட கொம்பன் மிரட்டினாலும் மனுஷன் பிடித்த பிடியை விடமாட்டார். "கடைக்குப் போகச் சொன்னாலும் இவருக்கு நீதிபதி கையெழுத்து வேணும்" என்பாள் மனைவி.

ஒருநாள் மத்தியானம், பக்கத்து மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். புருஷன் போலீஸ்காரன். அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடி, வாடகை அறையில் ஒளிந்திருந்தாள்.

"அண்ணே, இந்தப் போனை வச்சு அவரு என்னைக் கண்டுபிடிச்சிருவாரா? தூக்கிப் போட்டுரலாம்னா, அம்மாவுக்கு இந்த நம்பர்தான் மனப்பாடம்."

"எதுக்கும்மா தூக்கிப் போடணும்? நீதிபதி உத்தரவு இல்லாம மந்திரிக்கே குடுக்கமாட்டோம். தைரியமா வச்சுக்க."

நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார். அவளும் நம்பிப் போனாள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. உயிர் போகிற அவசரம் என்றால் போலீஸ் ஒரு படிவம் அனுப்பினால் போதும். நீதிபதி உத்தரவு இரண்டு நாள் கழித்து வரலாம். முன்பெல்லாம் அதற்கும் இவர் பத்துக் கேள்வி கேட்பார். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில், போன மழைக்காலத்தில், காணாமல் போன பெரியவர் ஒருவர் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனார். அன்றிலிருந்து அவசரப் படிவம் வந்தால் இவர் கேள்வியே கேட்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று வந்தது. பாரபட்சம் வரக்கூடாது என்று பெயரை மறைத்து நம்பரை மட்டும் காட்டுவது அந்த அலுவலக வழக்கம். 'தற்கொலை செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்' என்று எழுதி ஒரு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலே நிமிஷத்தில் தெருவையும் கட்டடத்தையும் அனுப்பிவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு டீ குடிக்கப் போனார். பாவி மனுஷன்!

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்லி அழுவது? அந்த இன்ஸ்பெக்டர் அவள் புருஷனின் கூட்டாளி. அன்று சாயங்காலமே புருஷன் அறைக்கதவை உடைத்து அவளைக் கொன்றுவிட்டான்.

புதன்கிழமை பேப்பரில் அவள் படத்தைப் பார்த்து, "அடப்பாவி, எப்படிடா கண்டுபிடிச்சான்?" என்று இவர் வயிறெரிந்தார். வியாழக்கிழமை நீதிபதி உத்தரவு வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். அதில் பெயரும் இருந்தது. அவளுடைய பெயர்.

மேனேஜரிடம் ஓடினார். "என் தப்பு சார், எழுதிக்குங்க."

"எல்லாம் சட்டப்படிதானேய்யா நடந்திருக்கு? வெளியில மூச்சு விட்டீங்கன்னா அதுதான் குத்தம். போய் வேலையைப் பாருங்க."

மறுவாரம் அவளுடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"தம்பி, உங்களைப் பத்திச் சொன்னாப்பா எம்பொண்ணு. அவ இடம் எனக்கே தெரியாது. அவனுக்கு யாருப்பா சொன்னா?"

வாய்வரை வந்தது. விழுங்கினார்.

"தெரியலேம்மா."

"சரிப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒருத்தராவது அவளுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னீங்க. நல்லா இருக்கணும்."